மைக்கில் ஊதிப் பார்ப்பவர்

ஆம்பூரில் ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்பவர் அவர். மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத கனத்த குரல். செருப்புக் கடைத் தள்ளுபடியோ சாவுச் செய்தியோ, எதைப் பதிவு செய்வதற்கு முன்னும் மைக்கில் இரண்டு முறை ஊதிப் பார்ப்பார்.

பழைய கம்ப்யூட்டர் எரிந்துபோய்ப் புதிதாக ஒன்று வாங்கினார். அதிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பி, மைக்கை இணைக்கும் அவருடைய பழைய ஆடியோ பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டையும் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிவந்தார்.

"வேற பெட்டி வாங்கிடுங்களேன்" என்றேன்.

"இதுல பேசினாத்தான் என் குரல் என் குரலா இருக்குது. தொண்டையில கட்டி. ஆபரேஷன் பண்ணா குரல் போய்டும்னு வேலூர்ல சொல்ட்டாங்க. அதுக்குள்ள நாலு விளம்பரம் பேசி வெச்சுட்டா, அப்புறமும் ஆட்டோ ஓடும்ல?"

அந்தப் பெட்டியை எக்ஸ்பிக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருளை இணையத்தில் தேடிக்கொண்டே இருந்தேன். கிடைத்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது.

சொல்லியனுப்பினேன். கழுத்தில் வெள்ளைத் துணியோடு வந்தார். பழக்க தோஷத்தில் மைக்கை வாயருகே வைத்து ஊதினார். திரையில் ஒலிக்கோடு அசையவில்லை.

"மறுபடியும் பேஜார் பண்ணுதுங்க" என்று வயரை ஆட்டினேன்.

அவர் என் கையை விலக்கினார். துணியைத் தூக்கி, மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் போட்டிருந்த ஓட்டைக்கு நேராக மைக்கைப் பிடித்தார். இரண்டு முறை மூச்சு விட்டார். திரையில் கோடு இரண்டு முறை துள்ளியது.

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். வேறு என்ன செய்வது?