நர்ஸம்மா திரும்பி வந்த சாயங்காலம்

சித்தியின் குழந்தையை நான் ஒருமுறை டிவி என்று சொல்லி மறைத்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது. தலைப்பிரசவத்துக்கு ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தி, குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகியும் ஒன்றரை மாத ஊசியைப் போடாமல் தள்ளிக்கொண்டே இருந்தாள். சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து, யாரோ பேசிய குரல் பதிவு ஒன்றை அனுப்பியிருந்தார். ஊசி போட்ட பிள்ளைகள் சுருண்டு போவதாக அதில் ஓர் ஆள் அழுதான். கூடவே சித்தப்பாவின் உத்தரவு: "நான் வர்ற வரிக்கும் ஊசி கீசி வோணாம். எதுனா ஆச்சின்னா நீதான் பொறுப்பு."

சித்தி அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "இவளுக்கெல்லாம் போடலியா?" என்று அம்மா என்னைக் காட்டினாள். சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் நல்ல உதாரணமாகப் படவில்லை போலும்.

எனக்குப் பள்ளி விடுமுறையாக இருந்து, அம்மா மட்டும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் காலையில், ஊசி போடாத குழந்தைகளைத் தேடி வீடு வீடாக வரும் நர்ஸம்மா கதவைத் தட்டினார். சித்தி சொல்லிக்கொடுத்தபடி கதவை ஒரு சாண் மட்டும் திறந்தேன்.

"யாரும் இல்ல. எண்ணூர் போய்க்கீறாங்க."

உள்ளே குழந்தை வீறிட்டது.

"அது இன்னா?"

"டிவி."

"டிவிக்குப் பசிக்குது போல. பால் குடுக்கச் சொல்லு" என்றவர், படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தேகம் கூடிப்போனது. நல்லது செய்ய வந்தவருக்கு இவ்வளவு பொறுமை எதற்கு?

கடைசியில் சித்தியே வெளியே வந்தாள். "ஊசி போட்டா காச்சல் வருமாமே?"

"வரும். ஒருநாள், ரெண்டுநாள். மருந்து தர்றேன். கக்குவான் இருமல் வந்தா இந்த மாரி பிஞ்சு மூச்சுக்குத் தவிக்கும்மா."

சித்தி சித்தப்பாவுக்கு போன் போட்டாள். கிடைக்கவில்லை. மறுபடியும் இரண்டு முறை போட்டுப் பார்த்தவள், திடீரென்று குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஊசி போடும் இடமான தெருமுனை பால்வாடியில் மருந்துக் குப்பியின் தேதியைப் படித்தாள். ஊசியின் உறையைத் தன் கண்ணெதிரில் பிரிக்கச் சொன்னாள். நர்ஸம்மா முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் காட்டினார். குழந்தையின் தொடையில் ஊசி இறங்கியபோது முதலில் கத்தியது சித்திதான்.

மத்தியானத்துக்கு மேல் குழந்தைக்கு உடம்பு சுட்டது. மருந்து கொடுத்தும் சூடு உடனே இறங்கவில்லை. "நானே எம்புள்ளைய இன்னாவோ பண்ணிட்டேன்" என்று சித்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஊசி அட்டையில் நர்ஸம்மா எழுதிக் கொடுத்திருந்த நம்பருக்கு நான்தான் போன் செய்தேன்.

வேலை முடிந்து நர்ஸம்மா வந்தார். சீருடை இல்லாமல் வேறு யாரோ போல் இருந்தார். காய்ச்சல் பார்த்தார், பால் கொடுக்கச் சொன்னார், சூடு இறங்கும்வரை சித்தியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குழந்தை வேர்த்துத் தூங்கியது. சித்தியும் அவர் தோளில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள்.

அவர் போனதும், வேலையிலிருந்து திரும்பியிருந்த அம்மாவின் காதில் சொன்னேன்: "அந்தம்மா ஏதோ தப்பு பண்ணிக்கீது. இல்லாங்காட்டி எதுக்கு வூடு தேடி வருது?"

அம்மா நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. தப்பு செய்தவர்கள்தான் திரும்பி வந்து பார்ப்பார்கள் என்று நம்பியிருந்த வயது அது. பயந்து பயந்து தனியாக ஒரு முடிவெடுத்தவளின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவும் ஒருவர் வருவார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.