சின்னம்மாவின் துவக்கு

எங்கள் வீட்டுக்குப் பார்சல் வந்தால் முதலில் அதைக் குலுக்கிப் பார்ப்பவர் அம்மா. அதன் பிறகுதான் பெயரைப் பார்ப்பார். பெயர் சின்னம்மாவுடையதாக இருந்தால் இன்னொருதரம் குலுக்குவார்.

எனக்கு அப்போது பத்து வயது. கிரான்பர்ன் என்ற புறநகரில், வீதிக்குப் பெயர்ப்பலகை நட்டு இன்னும் மரம் நடாத ஒரு புதுக் குடியிருப்பில் இருந்தோம். எதிர்ப்பக்கம் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். சனிக்கிழமையும் விடாமல், காலையிலேயே ஆணி அறையும் மெஷின் வெடிக்கத் தொடங்கிவிடும். அம்மாவின் தங்கையான சின்னம்மா எங்களோடுதான் இருந்தார். டண்டினொங்கில் பல் செட் செய்யும் லாப் ஒன்றில் வேலை. கலியாணம் செய்யவில்லை. எங்கள் ஆட்களில், சண்டை நடந்த வன்னியிலிருந்து கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர். அந்தக் கதையை வீட்டில் யாரும் எடுப்பதில்லை, ஆகவே எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நானும் அவரும் ஒரே அறையில் படுக்கிறோம் என்பதும், நான் கத்தாமல் என் தலையை இழுத்துப் பின்னத் தெரிந்த ஒரே ஆள் அவர் என்பதும்தான்.

இன்னொன்றும் தெரியும். சனிக்கிழமை எதிர்ப்பக்கத்தில் வெடி தொடங்கியதும் சின்னம்மா கராஜில் நிற்கும் காருக்குள் ஏறி, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு இருப்பார். பாட்டுக் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். வெங்காயம் உரிக்கிற நேரம் பார்த்துத்தான் உவளுக்குப் பாட்டு வரும் என்று அம்மா குசினிக்குள் புறுபுறுப்பார்.

முதலில் வந்தது ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அதிலேயே எண் காட்டும். பல் வேலைக்காக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு காதை முழுதாக மூடும் ஒரு பெரிய ஹெட்போன் வந்தது. அதில் வயரும் இல்லை, பாட்டும் வராது. பிறகு மடித்து விரிக்கிற இரண்டு கால்கள். மூன்றாவது கால் எங்கே என்று அப்பா பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு நுனியில் பித்தளைப் பிரஷ் வைத்த நீட்டுக் கம்பி. அப்பா டண்டினொங்கில் ஒரு வெயார்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பெட்டியின் வெளிப்புறத்தைப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்வேன் என்று பெருமையடிப்பார். கால் என்றால் கமெரா, கமெரா என்றால் வீடியோக்காரன், கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற எவனோ ஒருத்தன் இவளைப் பிடித்துவிட்டான் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அம்மாவுக்கு அந்தத் தீர்ப்பில் கோபமும் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. ஆள் யார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு, ஒரே அறையில் படுக்கிறவள் என்பதால், என் தலையில் விழுந்தது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எங்கள் குடும்பத்துக்குச் சந்தேகம் இரத்தத்தில் ஊறியது, அதில் நான் முதல் பிள்ளை. சின்னம்மாவின் கட்டிலுக்குக் கீழே தேடியபோது ஆள் கிடைக்கவில்லை, ஒரு பை கிடைத்தது. என்னுடைய பழைய ஜீன்ஸின் காலை வெட்டி, நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்து, உள்ளே எதையோ திணித்திருந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதைக் கையால் தொடவில்லை, குசினிக் குறடால் தூக்கினார். ஒரு மூலையைப் பிரித்தால் சிவப்புப் பச்சையரிசி. பிள்ளையின் உடுப்பில் அரிசி கட்டி வைத்தால் அது செய்வினையா, நேத்தியா என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை. கோயிலுக்கு வருகிற ஒரு அன்ரிக்குப் போன் போட்டுக் கேட்டார். மாப்பிள்ளை அமைய அப்படி ஒரு நேத்தி இருக்கலாம் என்று அன்ரி சொல்ல, அம்மா பையைத் திரும்பத் தைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் மூன்று நாள் வைத்து எடுத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்.

அடுத்த பார்சலைத் திறந்தது நான்தான். கறுப்பு நிறத்தில் பாரமான ஒரு தொலைநோக்கி. ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் மரச்சட்டத்தின் மேல் நின்ற ஒரு வேலையாளின் தாடி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவில் மெல்லிய கோட்டில் ஒரு கூட்டல் குறி. அந்தக் குறியை அவருடைய தொப்பியில் வைத்துவிட்டுப் பிறகு மூக்குக்குக் கொண்டுவந்தேன். எப்போது அறைக்குள் வந்தார் என்று தெரியாது, சின்னம்மா அதைப் பறித்தெடுத்தார். அவர் என்னோடு கோபப்பட்டதை அதற்கு முதல் நான் கண்டதில்லை.

"இதால ஆக்களைப் பாக்கக் கூடாது. விளையாட்டுக்கும் கூடாது. விளங்குதே?"

விளங்கியது என்று தலையாட்டினேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆட்களைப் பார்க்காத தொலைநோக்கியை எதற்குக் காசு கொடுத்து வாங்குவார்கள்?

பிறகு ஒரு நாள் இரண்டு பேர் வந்து, ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்றைக் கராஜுக்குள் நிறுத்தி, கொங்கிரீட்டில் துளைபோட்டு ஆணி இறுக்கிவிட்டுப் போனார்கள். நகை வைக்கவோ என்று அப்பா கொஞ்சம் நப்பாசையோடு கேட்டார்.

"இல்லை அத்தான். துவக்கு வைக்க" என்றார் சின்னம்மா.

அம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது. சின்னம்மா எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொன்னார். லாப்பில் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே தூரத்தில் கடதாசியைக் குத்திவைத்துச் சுடுவார்களாம், உயிருள்ள எதையும் இல்லை. இவரும் வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, லைசென்ஸ் எடுத்துவிட்டார். ஹெட்போன் சத்தத்தை அடைக்க, பிரஷ் கம்பி குழாயைத் துடைக்க. இரண்டு கால் துவக்கின் முன்பக்கத்தைத் தாங்க. அரிசிப் பை பின்பக்கத்தைத் தாங்க. கடையில் விற்கிற பையைவிட எங்களுடைய அரிசி நல்லாக அமர்கிறது என்று சொல்லும்போது மட்டும் அவருடைய முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்தது. செய்வினைக்கும் நேத்திக்கும் நடுவில் அல்லாடிய அம்மா அந்தப் பெருமையைக் கண்டு இன்னும் கொதித்தார்.

அப்பா கொதிக்கவில்லை. அவர் பயந்துபோயிருந்தார், பயந்தால் அவருக்குக் குரல் தணிந்துவிடும்.

"அங்க அதைக் கண்டு ஓடி வந்தது காணாதே? இஞ்சையும் வீட்டுக்குள்ள கொண்டு வாறீரோ?" என்றார். பிறகு, "சரி, உம்மட லைசென்ஸ், உம்மட காசு. ஆனா ஒண்டு சொல்லுறன். இதால ஒரு நாள் பொலிஸ் இந்த வாசலுக்கு வந்தாலும், அண்டைக்கு ஒண்டில் அது வெளியால, இல்லாட்டி நீர் வெளியால."

"ஓம் அத்தான்" என்றார் சின்னம்மா. அவ்வளவுதான். அந்த 'ஓம்' எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரண்டு நாளில் அவருடைய போனை எட்டிப் பார்த்தேன், நோபல் பார்க்கில் வாடகைக்கு அறைகள் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் போக விட மனமில்லை. அவர் போனால் என் தலையை அம்மா இழுப்பார் என்பது ஒன்று. அதைவிட, பக்கத்துக் கட்டில் வெறுமையாகக் கிடப்பதை நினைக்கவே அழுகை வந்தது.

துவக்கு வந்தது. பெட்டிச் சாவியைக் கறுப்பு நூலில் கோர்த்துச் சின்னம்மா கழுத்தில் போட்டுக்கொண்டார். தாலி ஏறவேண்டிய கழுத்தில் ஏறியதைப் பாருங்கோ என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னார். ஒரு பின்னேரம் முழுக்கச் சின்னம்மா அதற்கு ஒவ்வொன்றாகப் பூட்டினார். கராஜ் கதவிடுக்கால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைநோக்கியை மேலே வைத்து, உள்ளே குமிழி ஓடும் ஒரு சின்ன மட்டத்தை அதன்மேல் ஒட்டி, குமிழி நடுவுக்கு வரும்வரை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார். கன்னம் பதிகிற இடத்தை ஒரு நூல் உயர்த்தினார், பிறகு அரை நூல் இறக்கினார். யாருக்கோ பல் கட்டுகிறமாதிரி அவ்வளவு பொறுமை. எதற்காக இவ்வளவு பொறுமை, யாருக்காக, என்று நான் என் சந்தேகத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபரில் நவராத்திரி வந்தது. ஆயுத பூசை அன்றைக்கு அம்மா வழக்கம்போலச் சந்தனம் குழைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். கார், தையல் மெஷின், புல்லு வெட்டி, அப்பாவின் ட்ரில், என்னுடைய லாப்டொப், ரைஸ் குக்கர், எல்லாவற்றுக்கும் பொட்டு. கடைசியில் இரும்புப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். வேண்டாத சாமானென்றாலும், அந்த வீட்டில் ஆயுதம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதை மட்டும் விட்டுவிட்டால் குற்றம் வந்து சேரும். சின்னம்மா வேலைக்குப் போயிருந்தார், சாவி அவருடைய கழுத்தில். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, கதவின் நடுவில் பார்த்து, தாராளமாக ஒரு அப்பு அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் வாசலில் பொலிஸ் கார் வந்து நின்றது. இறங்கியது ஒரு பெண் பொலிஸ். துவக்கு வைத்திருப்பவர்கள் ஒழுங்காகப் பூட்டி வைக்கிறார்களா என்று பார்க்க வருவது அவர்களுடைய வழக்கமாம். நேரம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார், சின்னம்மா லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்பாவிடம் சொல்லும் தைரியம் மட்டும் அவருக்கு வரவில்லை. ஜன்னலால் காரைக் கண்ட அப்பா அறைக்குள் போய், சாரத்தை மாற்றி, நீட்டுக் கை சேர்ட்டும் போட்டு, எங்கள் எல்லோருடைய குடியுரிமைப் பத்திரங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவற்றை யாரும் கேட்கவில்லை.

கராஜில் சின்னம்மா கழுத்து நூலை எடுத்துச் சாவியைப் போட்டார். அது உள்ளே போகவில்லை. மறுபக்கம் திருப்பிப் போட்டார், அப்படியும் போகவில்லை. இரவோடிரவாகக் காய்ந்து, சந்தனம் சாவித் துவாரத்துக்குள் கல்லாகிவிட்டிருந்தது. பொலிஸ்காரியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது. பூட்டை யாரோ நோண்டியிருக்கிறார்கள் போலிருக்கிறதே என்று கேட்டார். சின்னம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் திறக்காவிட்டால் அன்றைக்கே அந்தத் துவக்குச் சனியன் வீட்டை விட்டுப் போய்விடும், லைசென்ஸும் போய்விடும். அம்மா அதைத்தானே இத்தனை நாளும் கும்பிட்டு வந்தார். வேண்டுமென்றே செய்தாரா, பக்தியில் செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அம்மா கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். "சாமி, மேடம். மை மிஸ்டேக். சந்தனம், சாமி" என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, துவாரத்தைக் குடைந்தார். மஞ்சள் நிறத்தில் சந்தனத் தூள் கொட்டியது. பொலிஸ்காரி அதை முகர்ந்து பார்த்துவிட்டு நல்ல வாசம் என்றார். பெட்டி திறந்தது. துவக்கின் இலக்கத்தைப் பார்த்தார், குண்டு வேறாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார், எல்லாம் சரி என்றார். அம்மா கட்டாயப்படுத்திக் கொடுத்த அவலையும் கடலையையும் வாங்கிக்கொண்டு போனார்.

கார் திரும்பிப் போனதும் கராஜுக்குள் நாங்கள் நாலு பேரும்தான். பொலிஸ் வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா சொன்ன சொல் இருக்கிறது. பத்திரங்களை இறக்கி வைக்காமலே நின்றார். அம்மா திரும்பப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கொட்டிய சந்தனத்தைக் கூட்டியபடி தங்கையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனடி உனக்கு இது? வெடிச் சத்தம் கேட்டு நாங்கள் எல்லாரும் செத்தது காணாதே?"

சின்னம்மா சாவியைத் திரும்பக் கழுத்தில் மாட்டினார்.

"கிளப்பில சத்தம் வர முதல் சொல்லுவினம், அக்கா" என்றார். "எல்லாரும் ஆயத்தமோ எண்டு கேட்டுப்போட்டுத்தான். நிப்பாட்டச் சொன்னா எல்லாரும் நிப்பாட்டுவினம். கொடியும் ஏத்துவினம்."

வெள்ளைக்காரர் எதற்கும் மரியாதை பார்ப்பவர்கள்தானே, இதைப் போய்ப் பெரிய காரணமாகச் சொல்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. இதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது, பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் அம்மா எழும்பவில்லை, அந்தத் தரையிலேயே இருந்துவிட்டார். அப்பா பத்திரங்களைப் புல்லு வெட்டிக்கு மேலே வைத்துவிட்டு, எங்கள் காரின் ஏற்றியிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னம்மா எப்போது போகிறார் என்று அவர் கேட்பார், கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. நோபல் பார்க் கதை அதோடு நின்றது. இவ்வளவு சுலபமாக மனம் மாற அப்பாவுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதுதான் என்னுடைய புதுச் சந்தேகம்.

அடுத்த சனிக்கிழமை காலை, எதிர்ப்பக்கத்தில் வேலையாட்களின் வாகனம் வந்து நின்றதும், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வீதியைக் கடந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவருடைய ஆங்கிலத்தை வெயார்ஹவுசில் இருப்பவர்களுக்கே மட்டுமட்டாகத்தான் விளங்கும். மரச்சட்டத்துக்குக் கீழே நின்று, கையை மேலே காட்டி, எங்கள் வீட்டைக் காட்டி, தன் காதைத் தொட்டு, நெடுநேரம் கதைத்தார். நான் தொலைநோக்கியில் பார்த்த அதே தாடிக்காரர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்பா திரும்பி வந்து முன்கதவைத் திறந்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் மேலே ஏறி, எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்து ஏதோ பெரிதாகக் கூப்பிட்டார். அப்பா முன்கதவில் நின்றபடி குசினிப் பக்கம் திரும்பி, "அடிக்கப் போறாங்களாம்" என்றார். அம்மா அதைச் சின்னம்மாவுக்கு இன்னொருதரம் சொன்னார். பிறகு வெடிக்கத் தொடங்கியது.

சின்னம்மா காருக்குப் போகவில்லை. குசினிக் கதிரையிலேயே இருந்து வெங்காயம் உரித்தார். ஒவ்வொரு முறையும் வேலை தொடங்க முதல் அந்த மனிதர் எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்துவதும், அப்பா உள்ளே பார்த்துச் சொல்வதுமாக அன்றைக்குப் பின்னேரம்வரை நடந்தது. வீதியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.