கந்தப்பன் திறக்காத கண்

கந்தப்பனுக்குப் பகலெல்லாம் கவ்வாத்துக் கத்திதான். தேயிலைச் செடியை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கையே, வேலை விட்டு வந்ததும் மண்ணைப் பிசைந்து குதிரை செய்யும். அட்டன் பக்கத்துத் தோட்டங்களில் முனியாண்டிக்கு மண்குதிரை நேர்ந்துகொண்டவர்கள் எல்லாரும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவன் வாசலுக்குத்தான் வரவேண்டும். கழுத்திலே மணிச்சரம், முதுகிலே பூவேலை செய்த சேணம், பல் தெரியத் திறந்த வாய். நிற்கிற நிற்பைப் பார்த்தால் எதிர்மலைக்கே தாவிவிடும் போலிருக்கும். மண், கொத்மலைப் பக்கத்து வயலிலிருந்து தலைச்சுமையாக வரும். சூளைக்கு விறகு, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகள்.

கண்ணை மட்டும் வைக்கமாட்டான். குழி இருக்கும்; கருவிழி இருக்காது. கோயிலில் நிறுத்திப் பூசை முடிந்த பிறகு, செய்தவனே மையெடுத்துக் கண் திறக்கவேண்டும். அதுவரைக்கும் அது வெறும் மண். திறந்த பிறகு முனியாண்டியின் வாகனம். வேறு கை திறந்தால் அது செத்த குதிரை, கோயிலுக்கு ஆகாது. மண்ணில் சாமி செய்கிற வேளார் வீட்டு வழக்கம் இது.

அப்போது இலங்கை மலையகத் தமிழரின் ஓட்டுரிமையைப் பறித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நீங்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் நுவரெலியாவில் கண்காட்சி என்றதும், இந்த நாட்டுக் கைவேலை என்று காட்டுவதற்கு இவன் குதிரை வேண்டியிருந்தது!

தோட்டத்துத் துரையின் மனைவிக்காகக் கேட்டு வந்தவர் கண்டாக்கு முத்துலிங்கம். மலையில் ஆட்களுக்கு மேலே நின்று அதட்டுகிற உத்தியோகத்தர்.

"துரைசாணி ஆசப்படுறாங்க, கந்தப்பா. ஒரு வாரத்துல திரும்பி வந்துரும்."

"திருவிழா வருதுங்களே ஐயா. சாமிக்குன்னு செஞ்சது."

"சாமிக்கு என்னடா, கடைசி பஸ்ஸு போயிருமா?"

கந்தப்பனின் மனைவி பேச்சியம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "சாமி காத்திருப்பாருங்கய்யா. பங்களாவுக்குப் போன சாமான்தான் திரும்பி வந்ததா சரித்திரமில்ல."

கண்டாக்கு முறைத்தார். குடியிருக்கிற காம்பராவே தோட்டத்துடையது; எத்தனை நேரம்தான் எதிர்த்து நிற்பது? "கொண்டு போங்க. கண்ண மட்டும் தொட்றாதீங்க ஐயா" என்றான் கந்தப்பன்.

"நீ முடிக்காம விட்டத நான் ஏன்டா தொடுறேன்?"

முடிக்காமல் விட்டது! அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. குருட்டுக் குதிரையை யார் பார்ப்பார்கள் என்று துரைசாணி முகம் சுளித்ததும், தேயிலைப் பெட்டிக்கு எழுத்து எழுதுகிறவனைக் கூப்பிட்டுக் கறுப்புப் பெயின்டால் கண் வரையச் சொல்லிவிட்டார். குதிரைக்கு முதல் பரிசு, வெள்ளிக் கோப்பை. கைதட்டலுக்கு நடுவே அதை வாங்கியவர் துரைசாணி. சேற்றை மிதிக்காதவர், சூளைப் புகையில் கண் எரியாதவர்! கொழுந்தைப் பறித்துக்கொண்டது போதாதென்று சாமி குதிரையையும் தம்முடையது ஆக்கிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழிந்தது, குதிரை வரவில்லை. மைத்துனன் அழகனைக் கூட்டிக்கொண்டு கந்தப்பன் பங்களாவுக்குப் போனான். குதிரை வராந்தாவில் நின்றது. சேணத்தைத் துளைத்து, உள்ளே மண் போட்டுப் பூச்செடி நட்டிருந்தார்கள். கறுப்புக் கண் இரண்டும் அவனைப் பார்த்து முழித்தன.

"யாரு தொறந்தது?"

அங்கே நின்ற கண்டாக்கு சிரித்தார். "பரிசு வாங்கியிருக்குடா, சந்தோசப்படு. இனி இது இங்கதான் நிக்கும்."

"சாமிக்குச் செஞ்சதுங்க."

"வேற ஒண்ணு செஞ்சுக்க. மண்ணுதானே?"

கந்தப்பன் குதிரையின் கழுத்தடியில் கை கொடுத்தான். "ஒரு பக்கம் புடிடா" என்றான் அழகனிடம். இருவருமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கண்டாக்கு கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், கூடைகளோடு நின்ற சனத்துக்கு நடுவே குதிரையை இறக்கினான்.

"எல்லாரும் பாத்துக்கங்க. செஞ்சது என் கை. கண்ணு தொறந்தது என் கை இல்ல. இது செத்த குதிர. செத்தத நிறுத்திவச்சு அழகு பாக்க நான் விடமாட்டேன்."

இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்து ஓங்கி ஒரே போடு.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவனுக்கு வேலைநீக்கப் பற்றுச்சீட்டு நீட்டப்பட்டது. வேலையும் போயிற்று, காம்பராவும் போயிற்று. பங்களாச் சொத்தை உடைத்தானாம்! பேச்சியம்மா கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றினாள்.

"பங்களா சொத்துன்னா, துரைசாணியவே இன்னொண்ணு செய்யச் சொல்லுங்கய்யா. செஞ்சு முடிக்கட்டும், நான் மலைக்குப் போறேன்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளின் கூடையும் கீழே இறங்கியது. பிறகு வரிசை முழுக்க இறங்கியது. பறிப்பாரில்லாமல் மலையில் கொழுந்து முற்றத் தொடங்கியதும், துரை பற்றுச்சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? அதை எதிர்பார்க்க இவர்கள் என்ன மனிதர்களா, கணக்குப் புத்தகத்தில் பேர் போட்ட ஆட்கள்தானே!

திருவிழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. மழை விடாததால் மண் காயவில்லை. கால்கள் ஒரு வீட்டு அடுப்பருகே, கழுத்து இன்னொரு வீட்டில், வயிறு கந்தப்பன் காம்பராவில் என்று லயம் முழுக்கக் குதிரை காய்ந்தது. "எங்க வீட்டுக் கழுத்துக் காஞ்சிருச்சு. ஒங்க வீட்டுக் காலு இன்னுமா தூங்குது?" என்று பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்தார்கள். பாதி காய்ந்ததும் கந்தப்பன் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி, முழுக்கக் காயவைத்துச் சூளையேற்றினான்.

கோயிலுக்குக் குறுக்குப் பாதை இருக்கிறது. கந்தப்பன் அதில் போகச் சம்மதிக்கவில்லை. தப்பு முழங்க, பங்களா ரோட்டு வழியாகவே குதிரை போயிற்று. பங்களா நாய் கேட் வரைக்கும் வந்து குரைத்தது. ஒருவரும் நடையைக் குறைக்கவில்லை.

பூசை முடிந்தது. சனம் விலகி நின்றது. கந்தப்பன் மையை விரலில் தொட்டுக்கொண்டு குதிரையின் முகத்தோடு முகம் வைத்துச் சொன்னான்:

"இப்பப் பாரு."