அலமேலு இறக்கி வைத்த பெட்டி

போன செவ்வாய்க்கிழமை காலை, நெட் மறுபடியும் இழுக்கிறதென்று கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டேன். “அலமேலுவை அனுப்புய்யா” என்றேன். போனை எடுத்த பையன் சொன்னான்: “அலமேலக்கா நேத்து போயிட்டாங்க சார். நெஞ்சு வலி. மலையிலேருந்து எறக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.” துக்கத்துக்கு முன்னால் எனக்கு வெட்கம்தான் வந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

கச்சிராயபாளையத்தில் நெட் வைத்திருக்கும் உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். வெள்ளிமலைக்காரர். மொபெட்டின் பக்கத்தில் ஏணியைக் கட்டிக்கொண்டு வருவார். வந்ததும் எதையும் தொடமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு சுற்றிலும் பார்ப்பார். “கழட்டறது ரெண்டு நிமிசம். இன்னா கோளாறுன்னு பாக்கறதுக்குத்தாங்க நேரம் ஆவும்” என்பார். எதிர்வீட்டு வாத்தியார் மீன்தொட்டிக்குப் பின்னால் ரௌட்டரை வைத்திருந்தார். “மீனுக்கு நெட்டு நல்லா கெடைக்குது சார்” என்று சொல்லி இடம் மாற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம். என் மகள் கயல், பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிப் பட்டியலை அனுப்ப வேண்டிய கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் போகாவிட்டால் அவள் ஆசைப்பட்ட இடம் வேறு யாருக்கோ போய்விடும். காலையிலிருந்து பக்கம் பாதி திறக்கும், வட்டம் சுற்றும், வெளியே தள்ளிவிடும். மழையில் செல்போனிலும் ஒரே கோடு. பேசலாம், வேறொன்றும் ஓடாது. கள்ளக்குறிச்சி பிரவுசிங் சென்டருக்கு ஓடியிருக்கலாம். ‘இதோ வர்றாங்க’ என்று ஆபீசில் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணிக்கு மறுபடி போன் போட்டுத் திட்டி, அலமேலு வேலைக்கே லாயக்கில்லை என்று புகார் பதிந்தேன்.

நாலே காலுக்கு நனைந்துகொண்டு வந்தார். “இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்று வாசலிலேயே கத்தினேன்.

“நீங்க ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டனது தெளிவா கேட்டுச்சு சார். போன் லைன் நல்லாத்தான் இருக்குது” என்று செருப்பைக் கழற்றினார். “பொட்டி எங்க?”

என் மனைவி சுமதி சாமி அலமாரியைத் திறந்தாள். இரும்பு அலமாரி. உள்ளே விளக்குக்குப் பக்கத்தில் ரௌட்டர், சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு முழம் பூவோடு. கொரோனா சமயத்தில் கயலின் பாடமெல்லாம் அதன் வழியே வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் பூசை. எனக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

அலமேலு கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தொட்டார். “அய்ய, காய்ச்சலடிக்குதே!” ஒயரைக் கழற்றித் தன் கருவியில் செருகினார். “வெளிய லைன் சுத்தமா இருக்குது. மூச்சு வுடற ஓட்டையெல்லாம் சந்தனத்தால அடைச்சி, இரும்புக் கதவையும் சாத்திட்டீங்க. சூடு தாங்காம நின்னு நின்னு போவுது. வர்ற கொஞ்சமும் கதவத் தாண்டல.”

சுமதி குறுக்கே வந்து நின்றாள். “இன்னிக்கா? கொழந்த படிப்பு விசயம்க்கா. சாமிகிட்டேருந்து எடுக்க வேணாம்.” நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலரை.

“சாமி அங்கயே இருக்கட்டும்மா. சாமிக்கு நெட்டு வேணாம், கொழந்தைக்குத்தான் வேணும்.”

சுமதி பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விலகினாள். அவளுடைய ஹேர்பின்னை வாங்கி ஒவ்வோர் ஓட்டையாகக் குத்திச் சந்தனத்தை எடுத்தார் அலமேலு. கூடத்து மர ஸ்டாண்டின் உச்சியில் பெட்டியை வைத்து ஒயரை இழுத்து மாட்டினார். சிவப்பு விளக்கு. நாலு நாற்பத்தொன்று. பொறுக்காமல் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “தொடாதீங்க சார். அது எழுந்துக்கினு இருக்குது. மறுபடி படுக்க வெக்காதீங்க.” அவர் விரல்கள் மழையில் சில்லிட்டிருந்தன. பச்சை வரும்வரை அவர் விடவில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கயல், “போயிடுச்சுப்பா” என்றாள். சுமதி அழுதுவிட்டாள்.

வாசலில் அலமேலு தயங்கினார். “சரியாச்சான்னு மெசேஜ் வரும் சார். ஆமான்னு போட்டுடுங்க. என் பேர்ல புகார் நிக்குது.”

“பாக்கலாம்” என்றேன். மெசேஜ் வந்தது. போடவில்லை. தாமதமாக வந்ததற்கு இருக்கட்டுமே என்று ஒரு வீம்பு. அதன் பிறகும் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

செய்தி கேட்ட அன்றே வெள்ளிமலைக்குப் போனேன். பேரைச் சொன்னதுமே அவர் மகள் தேவிக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது. சேலத்தில் பொறியியல் படிக்கிறாளாம். “உங்க பொண்ணு காலேஜ் லிஸ்ட்டு அனுப்பன அன்னிக்குத்தாங்க சார் எனக்கும் கடைசி நாள். மலையில சிக்னலே இல்ல. அம்மா என்னைக் கீழ இட்டாந்து, ஆபீஸ்ல உக்கார வெச்சி லிஸ்ட்ட அனுப்பிட்டுத்தான் உங்க வூட்டுக்கு ஓடியாந்தாங்க. ‘அந்தப் பொண்ணுக்கும் போயிடுச்சுடி’ன்னு அவ்ளோ சந்தோசமா சொன்னாங்க.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாமதத்தின் காரணத்தை அன்று வாசலிலேயே அலமேலு சொல்லியிருக்கலாம். நான்தான் சொல்லவிடவில்லை.

இறங்கும் பஸ்ஸில் அந்த மெசேஜைத் தேடி எடுத்து ‘ஆமாம்’ என்று தட்டினேன். காலக்கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அழிக்கவில்லை. ஸ்டாண்டின் உச்சியில் அவர் வைத்த பெட்டியும், போனில் இந்த மெசேஜும்தான் அவர் நினைவாக என்னிடம் இருக்கின்றன.

ஆமாம், அலமேலம்மா. சரியாகிவிட்டது. அன்றைக்கே சரியாகிவிட்டது.