லிஃப்ட் கேட்ட கேள்வி

வெள்ளவத்தையில் அறை தேடி அலைந்த நாட்களில் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். வாடகையைப் பற்றிக்கூடப் பிறகுதான் கதைப்பார்கள்.

“தம்பிக்கு ஊரில எவடம்?”

“கொட்டாஞ்சேனை.”

“அது சரி, அதுக்கு முதல்?”

ஊரும் கோயிலும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும் என்பது அவர்களின் கணக்கு. எனக்கு அதற்கு முதலும் இதே நகரத்துக் கொட்டாஞ்சேனைதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அவருடைய அப்பாவும் அப்படியே. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். இந்தப் பதிலைச் சொன்னதும் இரண்டு வீடுகளில் அறையை “ஆருக்கோ சொல்லியாச்சு” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீட்டு அங்கிள் “அதுக்கு முதல்?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டு, எந்தக் கோயிலடியில் வீடு என்றும் கேட்டுப் பார்த்து, ஒன்றும் பிடிபடாமல் விழித்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து அன்ரி குரல் கொடுத்தார்: “விசாரிச்சது காணும். பெடியனுக்கு அறைத் திறப்பைக் குடுங்கோ.”

அப்படிக் கிடைத்த அறை அது.

பிறகு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் எனக்கு எழுத்து வேலை வந்தது. கதை நடப்பது ஓர் அடுக்குமாடியில். அங்கே லிஃப்டுக்கு வாய் உண்டு. ஏறுகிறவரை விசாரித்து, அவர் எந்த மாடிக்கு உரியவர் என்று தானே முடிவெடுத்து, அங்கேதான் இறக்கிவிடும். பதில் பிடிக்காவிட்டால் கார் நிறுத்துமிடம். லிஃப்ட் என்னதான் கேட்கும் என்று இயக்குநர் கேட்டபோது, அங்கிளின் கேள்விதான் அச்சொட்டாக என் வாயில் வந்தது.

ஒளிபரப்பான மாலை அன்ரி கதவைத் தட்டினார். “தம்பி எழுதின நாடகம், தம்பி இல்லாமல் பாக்கிறதோ? வாங்கோ.”

சோபா நுனியில் இருந்தேன். மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன். இந்த அறையும் போனால் மறுபடி வாசல் வாசலாக நின்று அதே கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்.

திரையில் ஒருவர் ஏறித் தன் ஊரைச் சொல்ல, லிஃப்ட் வாய் திறந்தது. “அது சரி, அதுக்கு முதல்?”

அங்கிள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அன்ரிதான் முதலில் சிரித்தார்.

“இஞ்சருங்கோ, இது நீங்களெல்லோ!”

“நான் இப்பிடியோ கேக்கிறனான்?”

“லிஃப்ட் பரவாயில்லை. நீங்கள் எங்கட மருமோனிட்ட அவற்ற பூட்டன் வரைக்கும் கேட்டுக்கொண்டு போனீங்கள்.”

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“தம்பி, என்னை லிஃப்டாக்கிப் போட்டீர்.”

பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு இருமலாகி, அன்ரி முதுகில் தட்டும்வரை அடங்கவில்லை. அப்போதுதான் நானும் சோபாவில் முதுகைச் சாய்த்து இருந்தேன்.

விளம்பரம் வந்தபோது அங்கிள் கேட்டார்: “கடைசியில அந்த லிஃப்டுக்கு என்ன நடக்கும்?”

“பழுதாப்போகும் அங்கிள். எல்லாரும் ஒரே படியாலதான் ஏறவேணும்.”

“ஐயோ, என்ர முழங்காலுக்கு ஏலாதே,” என்றவர், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லி ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.