நீல விளக்கு நிற்பதற்குள்

பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். முனையில் கடுகளவு நீல விளக்கு. உள்ளே எதையாவது ஏற்றும்போது அது விட்டுவிட்டு மின்னும். மின்னுவது நின்ற பிறகு, கம்ப்யூட்டரில் ஓரமாக இருக்கும் பச்சை அம்புக்குறியை அழுத்தி, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகுதான் ஒயரைப் பிடுங்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவள் என் நாத்தனார். அவள் சொன்னாள் என்பதற்காகவே நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அவளைக் கருவேப்பிலங்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த கேமராவால் எங்கள் குடும்பத்தின் நல்லது பொல்லாதது எல்லாம் அவள் கைக்குப் போய்விட்டது. என் கணவர் நெஞ்சுவலியில் திடீரென்று போனபோது மகளுக்குப் பத்து வயது. எங்கள் வீட்டில் மிஞ்சியது கல்யாண ஆல்பம் மட்டும். அதில் அவர் விறைத்துக்கொண்டு நிற்பார். நடமாடுகிற, பேசுகிற மனிதர் நாத்தனாரின் டிஸ்க்கில்தான் இருந்தார். ஒரு நிமிட வீடியோ. தொழிற்பேட்டை ரோட்டில் மகளுக்கு சைக்கிள் பழக்குகிறார். "வுடல கண்ணு, புடிச்சிக்கினுதான் இருக்கேன்" என்று கத்திக்கொண்டே கையை எடுத்துவிட்டுப் பின்னால் ஓடிவருகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து சரக்கை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் அப்படி ஓடியதை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

மகள் அத்தைக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினாள். பஸ் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பாள். "அத்த சிரிச்சா அப்பா மாதிரியே இருக்குதும்மா" என்பாள். உண்மைதான். என்ன செய்தாலும் என் சிரிப்பில் அவள் அப்பா வரமாட்டார். அதற்கு நான் யாரிடம் போய் முறையிடுவது?

இரண்டாயிரத்து எட்டு, பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு. அந்த வீடியோவை எங்களுக்கு ஒரு பிரதி போட்டுத் தரத்தான் அவள் வந்தாள். முதலில் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த பள்ளிக்கூடப் படங்களை டிஸ்க்கில் ஏற்றுவது, பிறகு வீடியோவை இங்கே இறக்குவது என்று அவளும் மகளும் முடிவுசெய்தார்கள். நான் அடுப்படியிலிருந்து மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டேன். ஒரே சிரிப்புச் சத்தம். நான்காவது முறை உள்ளே போய் நின்றேன்.

"சோறு ஆறிப்போவுது. அப்புறம் பாத்துக்கலாம்."

"லைட்டு மின்னுது பாருங்க அண்ணி. அது நிக்கட்டும், வந்துடறோம்."

"அம்மாவுக்கு இதெல்லாம் என்னா தெரியும் அத்த? சூளையும் கோப்பையுந்தான் தெரியும்" என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நாத்தனார் சிரித்தாள். அவருடைய அதே சிரிப்பு.

நான் ஒயரைப் பிடுங்கினேன். "இப்ப வாங்க" என்றேன்.

கம்பெனியில் சூளை ஆறுவதற்குள் கதவில் கை வைத்தால் வேலையாட்களைச் சத்தம்போடுகிறவள் நான். உள்ளே சூடு இருக்கும்போது வெளிக்காற்று பட்டால் ஒரு சூளைச் சரக்கும் கீறிப்போகும் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவள். அந்தப் பொறுமையில் ஒரு துளிகூட வீட்டில் என்னிடம் இல்லை.

மறுபடி மாட்டியபோது டிஸ்க் திறக்கவில்லை. ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது. ஜங்ஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு வாரம் வைத்திருந்து பல படங்களை மீட்டுத் தந்தார். வீடியோ மட்டும் ஓடவில்லை. முதல் காட்சி அப்படியே நின்றது: சைக்கிள் சீட்டைப் பிடித்திருக்கும் அவர் கை, பாதி திறந்த வாய். சத்தம் இல்லை. கேமராவில் இருந்ததை நாத்தனார் எப்போதோ அழித்துவிட்டிருந்தாள். வேறு பிரதி கிடையாது.

மாமியார் விசாரித்தபோது, நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சொன்னாள்: "என் கை பட்டு ஒயரு அவுந்துடுச்சும்மா." மாமியார் அவளை ஒரு மாதம் திட்டித் தீர்த்தார். நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே போனதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. டிஸ்க்கையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். "உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணி."

மகள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வரும்போது பென் டிரைவை எடுக்குமுன் அம்புக்குறியை அழுத்திவிட்டுக் காத்திருப்பாள். அந்த இரண்டு மூன்று விநாடிகள் நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். தப்பித்தவறிகூட அவள் என் பக்கம் திரும்பமாட்டாள்.

மனம் சரியில்லாத நாளில் அவள் அத்தைக்குத்தான் போன் செய்வாள். போன தீபாவளிக்கு வந்தபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அப்பா மாதிரி சொல்லு அத்த" என்றாள். நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "வுடல கண்ணு, புடிச்சிக்கினுதான் இருக்கேன்."

அடுப்படியில் எனக்கும் கேட்டது: அந்தக் குரலும் அவளிடம்தான் இருந்தது. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனருகே குனிந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றேன்.