எதில் எண்பது?

கணக்கு டீச்சர் தன் மகள் வாலிபால் ஆடி நேரில் பார்த்து மூன்று வருஷமாகிறது. வெயில் பட்டால் தோல் தடித்துச் சிவந்து, நாலு நாள் காய்ச்சலில் தள்ளிவிடும் வியாதி அவருக்கு. விடியுமுன் பள்ளிக்கூடம் போய்விடுவார். பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு திரும்புவார். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். காரில் மூன்று மணி நேரம். ஆட்டமெல்லாம் உச்சி வெயிலில்தான். வீடியோ அனுப்புவாள். அதில் பந்து தெரியும், நடுவரின் தொப்பிகூடத் தெரியும். மகளின் முகம் மட்டும் கடுகளவு இருக்கும். டீச்சர் அதை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்குவார். பெரிதாக்கினால் மங்கிவிடும்.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கணவர் பழைய கார் வாங்கியதே இதற்காகத்தான். வாங்கின வாரமே கண்ணாடிக்குக் கூலிங் பேப்பர் ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். உள்ளே சினிமா தியேட்டர் மாதிரி இருட்டு.

"எண்பது சதவீதம், டீச்சர்! சூரியனே வழி தெரியாம திரும்பிப் போயிடும்."

"எதுல எண்பதுங்க?"

"வெயில்லதான். வேற எதுல?"

வகுப்பில் யாராவது வெறுமனே சதவீதம் சொன்னால், எதில் என்று கேட்டுத் துளைத்தெடுப்பவர், அன்று இரண்டாம் முறை கேட்கவில்லை. போகவேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பாதி வழியிலேயே ஜன்னலோரக் கை எரிய ஆரம்பித்தது. காரைத் திருப்பினார்கள். மகளிடம் "வண்டி மக்கர் பண்ணிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர் ஐந்தாம் நாள்தான் எழுந்தார். அந்தப் பேப்பரும் வருஷம் திரும்புவதற்குள் கத்தரிப்பூ நிறமாகிக் கொப்புளம் கொப்புளமாக உப்பியது.

இப்போது மகளுக்குக் கடைசி வருஷம். கல்லூரிக்காக அவள் ஆடப்போகும் கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. இந்த முறை வேறு கடையாகப் பார்த்து, பொழுது சாய்ந்ததும் டீச்சரே கணவரை இழுத்துக்கொண்டு போனார்.

"எவ்வளவு கறுப்பா வேணும் மேடம்?"

"கறுப்பே வேணாம். வெயில் என் தோல்ல படக்கூடாது, அவ்வளவுதான்."

கடைக்காரர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். "இதுல மூணு இருக்கு மேடம். வெளிச்சம் ஒண்ணு, சூடு ஒண்ணு. உங்களை வதைக்கிறது மூணாவது, புற ஊதா. அது கண்ணுக்கும் தெரியாது, சுடவும் சுடாது. ஜனங்க மூணையும் ஒண்ணாக் கட்டிக் கூலிங்னுட்டாங்க."

"அப்ப இவர் ஒட்டின எண்பது?"

"அது வெளிச்சத்துல எண்பது."

கணவர் சுவரிலிருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தார்.

கடைக்காரர் எடுத்துக் காட்டிய தாள் நிறமே இல்லாதது. அதை ஒட்டிய கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் சின்ன மீட்டரை வைத்துப் புற ஊதா விளக்கை அடித்தார். நூறில் இருந்த எண் ஒன்றுக்கு இறங்கியது. டீச்சர் விடவில்லை. காரிலிருந்து உரித்து வந்திருந்த பழைய பேப்பரைப் பையிலிருந்து எடுத்து, "இதையும் வைங்க" என்றார். நாற்பதோடு நின்றுவிட்டது. அப்புறம் ரோலில் இருந்த எண்ணையும் உத்தரவாதச் சீட்டில் இருந்த எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட்டார்.

விலை பழசைப் போல ஐந்து மடங்கு.

"ஒட்டினதே தெரியலையே! இதுக்கா இவ்வளவு?" என்று முணுமுணுத்தார் கணவர்.

"கறுப்புதான் வேணும்னா உங்க ஜெராக்ஸ் மெஷின் மையை எடுத்துத் தடவுங்க. ஓசி."

வாஷிங் மெஷின் மாற்ற வைத்திருந்த பணத்தை டீச்சர் எடுத்து நீட்டினார். பழசு இன்னும் கொஞ்ச நாள் அலறட்டும்.

ஆட்டத்தன்று பின்சீட்டில் உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் ஆகவில்லை. மைதானத்து வேலியை ஒட்டிச் சாய்வாகக் கார் நின்றது. மகள் கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒரு கண்ணாடியில் பார்வை நிலைத்து, கையை உயர்த்தினாள். ஆட்டம் தொடங்கியது. மூன்று வருஷத்தில் அவள் அடியில் வேகம் கூடியிருந்தது. எகிறி அடிக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். இதெல்லாம் வீடியோவில் தெரிந்ததே இல்லை.

முதல் செட் முடிந்ததும் ஓடிவந்து, நிழல் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே விழுந்தாள். வியர்வையும் மண்ணுமாக ஒரு வாசனை.

"எதுக்கும்மா அப்படிக் கத்தின?"

"நான் எங்கடி கத்தினேன்?"

"வாய் இவ்வளோ பெரிசாத் தொறந்திருந்துச்சு. சத்தம்தான் வரல."

டீச்சர் அவள் நெற்றியைத் துடைக்கக் கை நீட்டுவதற்குள் விசில் ஊதிவிட்டது. தண்ணீரைப் பாதி குடித்து, பாதி சிந்தி, ஓடிவிட்டாள்.

காருக்கும் ஆட்டக்கோட்டுக்கும் நடுவே இருபத்தைந்து அடி இருக்கும். அத்தனையும் வெயில். டீச்சர் மூக்கு கண்ணாடியில் இடிக்கும்வரை நகர்ந்தார்.

"கொஞ்சம் முன்னாடி எடுங்க."

"வேலி இருக்கு, டீச்சர்."

"தெரியும். எடுங்க."

கணவர் எடுத்தார். ஒரு சாண் நகர்ந்து, பம்பர் வேலியில் மெல்ல இடித்து நின்றது.